உராய்வின் தலையில் போட்ட பழி

என் ஆய்வேட்டில் ‘கணித்தோம்’ என்று வரும் இடங்களில் பாதிக்கு மேல் ‘பொருத்தினோம்’ என்று இருந்திருக்க வேண்டும். வைவா முடிந்து, பட்டம் கைக்கு வந்து, அந்தப் பட்டத்தைக் காட்டி வேலை வாங்கி, அந்தச் சம்பளத்தில் வீட்டுக் கடனையும் அடைத்த பிறகு இதைச் சொல்வதில் வீரம் எதுவும் கிடையாது. இனி யாரும் எதையும் பிடுங்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகு வருகிற நேர்மை இது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை, உலோகத் தகட்டை பிரஸ்ஸில் வைத்து அழுத்தும்போது அது எப்படி வளையும், எங்கே மெலியும், எங்கே கிழியும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், தகடு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. உருட்டாலையில் உருளைகளுக்கு நடுவே நசுங்கி மெலிந்து வரும்போது உள்ளே இருக்கும் நுண்படிகங்களில் கணிசமானவை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்கின்றன. அலுமினியப் படிகத்தில் அணு அடுக்குகள் வழுக்கிச் செல்ல 12 வழிகள் உண்டு. நான்கு தளம், தளத்துக்கு மூன்று திசை. படிகங்கள் எல்லாம் தாறுமாறாகக் கிடந்தால் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒன்றுதான். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், இழுக்கும் திசையைப் பொறுத்து எந்த வழி முதலில் திறக்கும் என்பது மாறிவிடும். வேட்டித் துணியை நூலோட்டத்தில் இழுத்துப் பாருங்கள், பிறகு மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள். தகட்டிலும் அந்த மாதிரி வேறுபாடு இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது.

அதை அளக்க 1950-இல் லாங்க்ஃபோர்டும் அவருடைய கூட்டாளிகளும் கொடுத்த எண்தான் ஆர் மதிப்பு. தகட்டிலிருந்து ஒரு பட்டையை வெட்டி இழுக்க வேண்டும். நீளும்போது பட்டை அகலத்திலும் ஒடுங்கும், கனத்திலும் மெலியும். அகலத் திரிபைக் கனத் திரிபால் வகுத்தால் ஆர். கனத்தை யாரும் நேரடியாக அளப்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் தகட்டில் கனம் மாறுவது அவ்வளவு குறைவு, மைக்ரோமீட்டரின் தடுமாற்றமே அதைத் தின்றுவிடும். நீளத்தையும் அகலத்தையும் அளந்து, உலோகத்தின் மொத்தப் பருமன் மாறாது என்ற கணக்கில் கனத்தை வரவழைப்பார்கள். உருட்டிய திசையில் ஒரு பட்டை, அதற்குக் குறுக்கே ஒன்று, 45 டிகிரியில் ஒன்று. ஆழமாக இழுப்பதற்கென்றே செய்த எஃகில் ஆர் 2 வரை போகும். மெலிய மறுக்கும் தகடு என்று அர்த்தம். அலுமினியத்தில் பெரும்பாலும் ஒன்றுக்குக் கீழே.

வட்டத் தகட்டை பஞ்ச்சால் அழுத்திக் கிண்ணமாக்கினால் விளிம்பு நேராக வராது. அலை அலையாக ஏறி இறங்கும். ஏறிய இடத்துக்கு பிரஸ் ஷாப்பில் காது என்று பெயர். குளிர்பானக் கேன் செய்யும் ஆலைகளில் இந்தக் காதை வெட்டித்தான் எறிகிறார்கள். காது எவ்வளவு பெரிதோ அவ்வளவு அலுமினியம் வீண். மாதிரி போட்டுப் பார்ப்பவனுக்குக் காதுதான் பரீட்சை. அதன் உயரமும் எண்ணிக்கையும் இடமும் சரியாக வந்தால் தகட்டின் திசைக்குணத்தைப் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிண்ணம் உருவாகும்போது விளிம்பில் இருக்கும் உலோகம் சுற்றளவு வாக்கில் நசுங்குகிறது. ஆகவே உருட்டிய திசையில் இருக்கும் விளிம்புத் துண்டின் உயரத்தைத் தீர்மானிப்பது குறுக்குத் திசையின் ஆர் மதிப்பு. காதுகளின் வரைபடம் ஆர் வரைபடத்தைக் கண்ணாடியில் பார்த்தது போல இடம் மாறி நிற்கும். இது புரியாமல் முதல் வருடம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அது அறியாமை, அதற்கு வாக்குமூலம் தேவையில்லை.

இன்னொரு தவறும் செய்தேன். வட்டத் தகட்டுக்கு மெஷ் போடும்போது, அதாவது கணினிக்காக அதைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும்போது, நடுவிலிருந்து கதிர் கதிராக எலிமெண்ட்களை அடுக்கியிருந்தேன். உருட்டிய திசை எது என்று தனியாகச் சொல்லாமல், எலிமெண்ட்டின் முதல் விளிம்பையே அது எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். விளைவு, ஒவ்வொரு எலிமெண்ட்டுக்கும் உருட்டிய திசை வெவ்வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. கிண்ணம் காதே இல்லாமல், குயவன் சக்கரத்திலிருந்து இறங்கியது போல வட்டமாக வந்தது. அன்றைக்கு ஆய்வகம் முழுக்க எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்கிறேன். சொல்லக்கூடிய தவறு அது. அதைச் சொல்லியே, நேர்மையான ஆள் என்று பெயரும் வாங்கிவிட்டேன்.

சொல்லாதது வேறு.

ராட்னி ஹில் என்ற ஆங்கிலேயர் 1948-இல் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு சூத்திரம் வெளியிட்டார். அப்போது அவருக்கு 27 வயதுகூட நிறைந்திருக்காது. திசைக்குணம் உள்ள உலோகம் எந்தத் தகைவில் நிரந்தரமாக வளையத் தொடங்கும், எந்தப் பக்கம் ஓடும் என்பதை ஆறு மாறிலிகளில் அடக்கிவிட்டார். தகட்டுக்கு நான்கு போதும். மூன்று ஆர் மதிப்பும் ஒரு இழுவைச் சோதனையும் இருந்தால் அரைப்பக்கத்தில் கையால் கணக்கு முடிந்துவிடும். சிமுலேஷன் மென்பொருள்களில் தேடவே வேண்டாம், தயாராகக் காத்திருக்கும். எஃகுக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. அலுமினியத்துக்கு ஒத்துப்போகாது.

ஏன் என்று சொல்கிறேன். எல்லாத் திசையிலும் ஆர் 0.6 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கமாக இழுத்தால் 100 அலகுத் தகைவில் வளையத் தொடங்கும் தகடு, இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் 89-லேயே வளைந்துவிடும் என்கிறது ஹில்லின் சூத்திரம். ஒன்றுடன் ஆரைக் கூட்டி, இரண்டால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் போதும். நிஜ அலுமினியமோ 100-க்குப் பக்கத்தில் நிற்கிறது, சில நேரம் அதையும் தாண்டுகிறது. வூட்தார்ப்பும் பியர்ஸும் 1970-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ஹில்லே 1979-இல் வேறு சூத்திரம் கொடுத்தார். அவரே நகர்ந்துவிட்ட இடத்தில் நான் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டேன்.

தெரியாமல் இல்லை. அல்கோவா அலுமினிய நிறுவனத்தில் இருந்த ஃபிரெடெரிக் பார்லாவும் குழுவினரும் அலுமினியத் தகட்டுக்கென்றே செய்த சூத்திரம் 2003-இல் வெளிவந்தது. ஹில்லிடம் இரண்டாக இருந்த அடுக்குக்குறி அங்கே எட்டு. அந்தக் கட்டுரையை அச்செடுத்து, அடிக்கோடு போட்டு, என் மேசையிலேயே வைத்திருந்தேன். அதைப் பயன்படுத்த எட்டு அளவுகள் வேண்டும். மூன்று திசையில் யீல்டு தகைவு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு), மூன்று திசையில் ஆர், இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும்போது யீல்டு, அப்போதைய ஆர். முதல் ஆறும் என் நோட்டில் இருந்தன. கடைசி இரண்டில் யீல்டுக்கு பல்ஜ் சோதனை வேண்டும். தகட்டை எண்ணெய் அழுத்தத்தில் குமிழாக ஊதிப் பார்ப்பது. அந்தக் கருவி எங்களிடம் இல்லை. வெளியே கட்டணம் கேட்டார்கள். கைடிடம் போனேன்.

“ஹில்லையே வச்சு முடிச்சிருப்பா. எல்லாரும் அதைத்தானே போடுறாங்க” என்றார்.

அவர் மேல் பழி போடவில்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டுத்தான் அவரிடம் கேட்டேன். அந்தக் கடைசி அளவை, அதாவது இருதிசை ஆரை, எடுக்கப் பெரிய கருவியே தேவையில்லை. சிறு வட்டத் துண்டைச் சீவி, இரண்டு பக்கமும் மசகு தடவி, பிரஸ்ஸில் வைத்து நசுக்கி, நீள்வட்டமாக மாறியதன் இரண்டு விட்டங்களை அளந்தால் போதும். ஒர்க் ஷாப்பில் இருந்த அண்ணன், “குடு தம்பி, மத்தியானத்துக்குள்ள சீவித் தர்றேன்” என்று அவராகவே சொன்னார். நான் கொடுக்கவில்லை. அளந்துவிட்டால் என் ரிசல்ட் விழுந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அளக்காத வரைக்கும் அது ‘தரவு இல்லை’ என்ற கணக்கில் போகும்.

என் கிண்ணத்தில் 45 டிகிரியை ஒட்டி நான்கு பெரிய காதுகள் இருந்தன. உருட்டிய திசையில் இரண்டு பக்கமும் தாழ்வான இரண்டு மேடுகள். மொத்தம் ஆறு. ஹில் சூத்திரம் நான்கு காதைத்தான் கொடுக்கும். எந்த மாறிலியைத் திருகினாலும் ஆறாவது வராது. அதோடு என் சிமுலேஷனில் சராசரி உயரமும் குறைவாக வந்தது. உயரத்தைச் சரிசெய்வது சுலபம். பஞ்ச், டை, தகடு இவற்றுக்கு நடுவே உராய்வுக் கெழு என்று ஓர் எண் இருக்கிறது. அதைக் கூட்டினால் விளிம்பு உள்ளே வரத் தயங்கும், சுவர் கூடுதலாக இழுபடும், கிண்ணம் உயரும். 0.10-இல் தொடங்கி ஏற்றிக்கொண்டே போய், சராசரி உயரம் ஒத்துப்போன இடத்தில் நிறுத்தினேன். அந்த எண்ணை நான் அளக்கவில்லை. ஆய்வேட்டில் ‘பரிசோதனை நிலைமைகளுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறேன். வாக்கியம் பொய் இல்லை. அதுதான் அதில் உள்ள அசிங்கம்.

அடுத்தது கிராஃப். விளிம்பின் உயரத்தை ஐந்து டிகிரிக்கு ஒரு தடவை டயல் கேஜ் வைத்து அளந்திருந்தேன். கிராஃபில் வைத்தது 0, 45, 90 மூன்றே புள்ளிகள். மூன்று புள்ளியில் மேடு தெரியாது. 0-வில் இருப்பது மேடா பள்ளமா என்று சொல்ல அதன் பக்கத்துப் புள்ளி வேண்டும். பிறகு நிற்கும் அச்சைப் பூஜ்யத்தில் தொடங்கினேன். கிண்ணம் நாற்பது மில்லிமீட்டர் உயரம், காது அதில் சில மில்லிமீட்டர். பூஜ்யத்தில் தொடங்கினால் என் கோடும் நிஜப் புள்ளிகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கும். அச்சைப் பூஜ்யத்தில் தொடங்குவது நாணயம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அந்த நாணயத்தையே மறைப்பாக்கினேன். பிழை சராசரி உயரத்தில் 2 சதவீதத்துக்குள் என்று போட்டு, மிச்ச வேறுபாட்டுக்கு ‘உராய்வின் நிச்சயமின்மை காரணமாக இருக்கலாம்’ என்று ஒரு வரி.

வைவாவில் யாரும் உராய்வைப் பற்றிக் கேட்கவில்லை. இந்தத் துறையில் உராய்வைப் பற்றிக் கேட்பது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்பதற்குச் சமம் என்று அப்போது என் நண்பன் சொன்னான். கேட்பவனும் தன் சீட்டைக் காட்ட வேண்டிவரும்.

என் அலுமினியக் கலவையின் தரவை இங்கே போட விருப்பமில்லை. அதே ஜாதியைச் சேர்ந்த ஓர் அலுமினிய-லித்தியம் தகடு இருக்கிறது, 2090-டி3. அதன் அளவுகள் இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆர் மதிப்புகள் உருட்டிய திசையில் 0.21, 45-இல் 1.58, குறுக்கே 0.69. சராசரி எடுக்க வழக்கமான முறை ஒன்று உண்டு, 45-ஐ இரட்டித்துக் கூட்டி நான்கால் வகுப்பது. அப்படி எடுத்தால் 1.01 வருகிறது. சராசரியை மட்டும் பார்ப்பவன் இதைத் திசைக்குணமே இல்லாத சாதுத் தகடு என்று நினைத்துக்கொள்வான். யீல்டு தகைவு உருட்டிய திசையில் 280 மெகாபாஸ்கல், குறுக்கே 254. ஆர் மதிப்புகளை மட்டும் வைத்து ஹில் சூத்திரத்தை நிரப்பி, குறுக்கே எவ்வளவு வரும் என்று கேளுங்கள். 428 என்கிறது. 254-க்கு 428! கால்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை. என் தகட்டுக்கு இதைப் போட்டுப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். காகிதத்தின் பின்பக்கம் போட்டேன், கிழித்துவிட்டேன். ஹில்லை யீல்டு தகைவுகளால் நிரப்பினால் தகைவு சரியாக வரும், அப்போது ஆர் மதிப்புகள் கெட்டுப்போகும். இரண்டையும் ஒரே சமயத்தில் பிடிக்க அந்தச் சூத்திரத்துக்குக் கை போதாது.

பார்லாவின் குழு 18 மாறிலிகளோடு இன்னொரு சூத்திரத்தை 2005-இல் வெளியிட்டது. யூனும் பார்லாவும் மற்றவர்களும் 2006-இல் அதைப் போட்டு 2090-இன் கிண்ணத்தை ஓட்டினார்கள். ஆறு காதும் வந்தன, உருட்டிய திசையின் சின்ன மேடுகள் உட்பட. அந்தக் கட்டுரையின் கிராஃபைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது பொறாமை. வெட்கம் அப்புறம்தான் வந்தது. வந்தும் ஒன்றும் செய்யவில்லை.

இதோடு நின்றிருந்தால் ஓர் ஆய்வேட்டின் பாவமாக அலமாரியில் தூசி படிந்து கிடந்திருக்கும். நான் சேர்ந்த நிறுவனத்தில் பொருள் தரவு நூலகம் ஒன்று உண்டாக்கச் சொன்னார்கள். தகட்டின் குணங்களை எண்களாக எழுதி வைக்கும் கோப்புக்கு கார்டு என்று பெயர். சிமுலேஷன் ஓட்டுபவர்கள் அதை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அலுமினியத்துக்கு நான் எழுதிய கார்டு ஹில்தான். மூன்று பட்டை இழுத்தேன், நான்கு மாறிலி போட்டேன், கீழே என் பெயரின் முதலெழுத்துகள். பிஎச்டி ஆளுடைய கார்டு என்று நம்பினார்கள்.

என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு பொறியாளர் அதை எடுத்து ஒரு கார் பானெட்டின் உட்தகட்டை ஓட்டினார். திரை முழுக்கப் பச்சை. டை செய்து பிரஸ்ஸில் ஏற்றினார்கள். பஞ்ச்சின் வளைவை ஒட்டிச் சுவரில் கிழிந்தது. ஒவ்வொரு துண்டும் அதே இடத்தில்.

கிழிந்த இடத்தைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஹில் கணக்கில் தகட்டின் நடுப்பகுதி, அதாவது இரண்டு பக்கமும் இழுபடும் இடம், உண்மையைவிட எளிதாக இளகும். ஆகவே கணினியில் நடுப்பகுதி தாராளமாக நீண்டு சுமையைப் பங்குபோட்டுக்கொண்டது. நிஜத் தகட்டின் நடுப்பகுதி அவ்வளவு தாராளம் இல்லை. சுமை முழுக்கச் சுவரில் விழுந்தது. அங்கே ஒரு பக்கம் மட்டும் நீள்கிறது, மறுபக்கம் அசைவதில்லை. தகடு மிகக் குறைவாகத் தாங்கும் நிலை அதுதான்.

கூட்டம் போட்டார்கள். அந்தப் பையனை விளக்கம் கேட்டார்கள். “நான் நூலகத்துல இருந்த கார்டைத்தான் சார் போட்டேன்” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது இது: “கார்டு சரியாத்தான் இருக்கு. சிமுலேஷன்ல உராய்வு 0.12. ஷாப்ல மசகு சரியா பூசலைன்னா அது கூடிடும். அங்க பாருங்க.”

ஆய்வேட்டில் எழுதிய அதே வரி. வாயில் தானாக வந்தது.

அங்கே போய்ப் பார்த்தார்கள். எண்ணெய் பூசுகிறவர் ஒப்பந்தத் தொழிலாளி, உருளையை வைத்துத் தகட்டில் தடவுவது அவர் வேலை. ஷிஃப்ட் சூப்பர்வைசர் அவரை எல்லோர் முன்னாலும் திட்டியது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் விழுந்தது. “எண்ணெயைக் குளிப்பாட்டின மாதிரிதான் சார் பூசறேன்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். டை மேக்கர் அண்ணன் கல்லை எடுத்துக்கொண்டு அந்த வளைவைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். அடுத்த வாரமும் தேய்த்தார். தகட்டின் லாட்டை மாற்றினார்கள். கிழிவது நிற்கவில்லை. கடைசியில் அந்த வளைவின் ஆரத்தைக் கூட்டி வேலையை முடித்தார்கள், வடிவமைப்பாளர்கள் முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டார்கள். எண்ணெய் பூசினவரை அடுத்த ஒப்பந்தத்தில் எடுக்கவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு.

பல்ஜ் சோதனைக்குத் தகட்டை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியது நான் இல்லை, அந்த இளைய பொறியாளர்தான். எட்டு அளவும் கையில் வந்ததும் 2003-இன் சூத்திரத்தில் போட்டுப் பழைய பானெட்டைத் திரும்ப ஓட்டினார். கிழிந்த இடம் சிவப்பாக வந்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டினார். “நல்லா இருக்கே, இனிமே இதையே போடலாம்” என்றேன். எனக்கு இது முன்பே தெரியும் என்று சொல்லவில்லை. அவர் அந்த வேலைக்குப் பாராட்டு வாங்கினார், நான் கை தட்டினேன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னது இந்த வருடம்தான், அவர் வேறு நிறுவனத்தில் பெரிய பொறுப்புக்குப் போன பிறகு, தொலைபேசியில். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த ஆயில் ஆளு பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்?” என்று கேட்டார். எனக்கு இல்லை. அவருக்கு இருந்தது.

இப்போது நான் அனுப்பும் அறிக்கைகளில், இருதிசை யீல்டு எந்தச் சோதனையிலிருந்து வந்தது, அளந்ததா ஊகித்ததா என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். காது வரைபடம் என்றால் ஐந்து டிகிரிக்கு ஒரு புள்ளி, அச்சு காதுக்கு ஏற்ற அளவில். பழைய ஹில் கார்டு நூலகத்திலேயே இருக்கிறது. மேலே ‘அலுமினியத்தில் இருதிசை இழுவை உள்ள பாகங்களுக்குப் போடாதே’ என்று எழுதி, காரணத்தையும் என் பெயரையும் முழுதாகச் சேர்த்திருக்கிறேன். உராய்வுக்கு மட்டும் இன்னும் 0.12 என்றுதான் போடுகிறேன். ஏன் 0.12 என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, எல்லோரும் போடுகிறார்கள். பட்டையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே இழுத்து உராய்வை அளக்கும் கருவி ஒன்று வேண்டும் என்று மேலாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அனுப்பியது போன மாதம்.